சீர் ஆடுகளுக்குக் காவல் போட்ட கதை

செம்பியூர் ராஜா மகரபூபதிக்கு எதிரிகளிடம் பயமில்லை. மதம் பிடித்த யானை எதிரே வந்தாலும் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பார். ஆனால் மாமியாரிடமிருந்து ஓலை வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும், மனிதருக்கு வேர்த்துக் கொட்டிவிடும்.

அந்த மாமியார் கல்யாணத்தின்போது மகளுக்குச் சீராக நாற்பது வெள்ளாடுகளைக் கொடுத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, கழுத்தில் வெள்ளி மணி உண்டு, தின்பதற்கு வெள்ளித் தொட்டி உண்டு. இப்போது வந்த ஓலையில் ஒரே வரிதான். அடுத்த பௌர்ணமிக்கு வருகிறேன், ஆடுகளைப் பார்க்க வேண்டும். மகளைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பேச்சுக்குக்கூட எழுதவில்லை, பாருங்கள்.

ஆடுகள் பார்க்கிற நிலையிலா இருந்தன? மழை பொய்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நாட்டிலேயே மிச்சமிருந்தது ஒரே ஒரு வைக்கோற்போர். அதற்கு மணியக்காரர் உத்தண்டர். அவர் போருக்குக் கூரை வேயாமல் சோம்பிக் கிடந்ததில், தப்பித் தவறி வந்த ஒரே மழையும் அதன் தலையிலேயே பெய்து, வைக்கோல் முழுக்கப் பூசணம் பூத்துவிட்டது. ஆடுகள் அதை மோந்து பார்த்தன, தும்மின, முகத்தைத் திருப்பிக்கொண்டன. விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இளைத்தும் போயின.

சபையில் பிச்சாண்டி என்று ஒருவன் இருந்தான். வாய்தான் அவனுக்கு உத்தியோகம். வைக்கோல் கெட்டுப்போனால் என்ன, நாட்டில் இலை தழைக்கா பஞ்சம் என்று சும்மா இருக்கமாட்டாமல் சொல்லிவைத்தான். உத்தண்டருக்கு அது போதுமாயிருந்தது. அப்படியானால் ஆடுகளைப் பிச்சாண்டியே தேற்றிக் காட்டட்டும் என்று நைசாகக் கோத்துவிட்டார்.

"சரி, பிச்சாண்டி," என்றார் ராஜா. "பௌர்ணமிக்குள் ஆடுகள் தேறவில்லை என்றால் அத்தையிடம் உன்னைத்தான் கை காட்டுவேன். அவர் உன்னைத் தம் ஊருக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார்."

கல்யாணத்தில் அந்த அம்மாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட தலைமைச் சமையல்காரர் மறுநாளே சந்நியாசம் போனதைப் பிச்சாண்டி கண்ணால் பார்த்தவன்.

மறுநாளே வாகைக் குழையும் ஆலங்குழையும் இலையும் கிளையுமாக வண்டி வண்டியாக வந்து இறங்கின. காய்ந்த கருவேலங்காய் நெற்று வந்தது. எள்ளுப் பிண்ணாக்கை ஊறவைத்து, தவிட்டோடு பிசைந்து, வெள்ளித் தொட்டியில் வைத்தான். சீர் ஆடுகள் சீந்தவே இல்லை. ஒரு நெற்றைத் தானே கடித்து, ஆகா, என்ன ருசி என்று நடித்தும் பார்த்தான். ராஜாத்தி என்ற கிழட்டு ஆடு அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது. அவமானமாகப் போய்விட்டது அவனுக்கு.

நாலாம் நாள் மத்தியானம், தலையெழுத்தே என்று கொட்டிலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்தான். ராஜாத்தி எட்டிப் பார்த்தது. சீ போ என்று விரட்டினான். மறுபடி வந்தது. கோலை எடுத்தான். அவ்வளவுதான், நாற்பதும் சேர்ந்து பாய்ந்தன. கீரைத் துவையலும் போயிற்று, சோறு கட்டியிருந்த இலையும் போயிற்று. பட்டினி கிடந்த பிச்சாண்டி விழுந்து விழுந்து சிரித்தான்.

நேராகச் சபைக்குப் போய், தீவனத்தையெல்லாம் பின்கட்டில் படல் கட்டி அடைத்துவிடப்போவதாகச் சொன்னான். சீர் ஆடுகள் இனி அதில் வாய் வைக்கவே கூடாது, கண்டதைத் தின்று ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று கையைப் பிசைந்தான். கடுமையான காவல் வேண்டுமாம். அந்தக் கடுமை உத்தண்டர் ஒருவரிடம்தான் உண்டாம். ஆடு உன் பொறுப்பு, உன் இஷ்டம் என்று ராஜாவும் விட்டுவிட்டார்.

உத்தண்டருக்கு வாயெல்லாம் பல். ஆடு தின்னாவிட்டால் இளைக்கும், இளைத்தால் பிச்சாண்டி ஒழிந்தான். இதைவிட என்ன வேண்டும்? அன்றே கோலும் கையுமாகப் படலருகே போய் நின்றுகொண்டார்.

அவர் கிழக்கே விரட்டினால் ஆடுகள் மேற்கே புகுந்தன. மேற்கே ஓடினால் கிழக்கே குழையை இழுத்தன. அவர் கத்தக் கத்த அவற்றுக்குப் பசி கூடியது. படலுக்குள்ளிருந்தது ஒரு நாளில் தீர்ந்துபோகும். பிச்சாண்டி சத்தமில்லாமல் மறுபடி நிரப்பிவைப்பான். பௌர்ணமி நெருங்க நெருங்க ஆடுகள் உருண்டு திரண்டன. இளைத்தது உத்தண்டர்தான்.

பௌர்ணமியன்று காலையில் மாமியார் பல்லக்கை விட்டு இறங்கி நேரே கொட்டிலுக்கு நடந்தார். ஒவ்வோர் ஆட்டையும் முதுகில் தட்டிப் பார்த்தார். ராஜா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாப்பிள்ளை, எங்கள் ஊரிலும் பஞ்சம்தான். அங்கே ஆடுகள் எலும்பும் தோலுமாக நிற்கின்றன. இதுகளை இப்படித் தேற்றியது யார்?"

எல்லோரும் பிச்சாண்டியைப் பார்த்தார்கள். அவன் அடக்கமாகக் கைகட்டிக்கொண்டு, "உத்தண்டர்தான் அம்மா. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆடுகளை விட்டு அந்தண்டை இந்தண்டை நகரமாட்டார்," என்றான்.

"ஐயோ, நான் ஒரு தழைகூடக் கொடுக்கவில்லை அம்மா! விரட்டத்தான் விரட்டினேன்," என்று உத்தண்டர் பதறினார்.

"தன்னடக்கமும் இருக்கிறது," என்றார் மாமியார். "மாப்பிள்ளை, இவரை நான் கூட்டிக்கொண்டு போகிறேன்."

மாமியார் கேட்டு ராஜா எதை மறுத்திருக்கிறார்? பல்லக்குக்குப் பின்னால் உத்தண்டர் கோலோடு நடந்தே போனார்.

நடந்ததையெல்லாம் பிச்சாண்டி சொல்லக் கேட்ட ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கிரீடம் கழன்றுவிட்டது. ஒரு பெரிய தாம்பாளம் நிறைய அதிரசம் கொண்டுவரச் சொல்லி, பிச்சாண்டியிடம் தம் கையாலேயே நீட்டினார். அவன் இரண்டடி பின்வாங்கினான்.

"கையில் கொடுத்தால் உடம்பில் ஒட்டாது, மகாராஜா. அதை அங்கே வைத்துவிட்டு, பக்கத்தில் கோலோடு ஓர் ஆளை நிறுத்துங்கள்."