கோமுகம் துலக்கிய அஞ்சுகத்தம்மையார்

இதை நான் தொடமாட்டேன். இது என் தொடையல்ல. கசாப்புக் கடையில் தொங்கவேண்டிய ஒன்றை யாரோ என் இடுப்பில் ஒட்டிவைத்திருக்கிறார்கள்.

மருத்துவமனைக் கட்டிலில் அமர்ந்திருந்த அஞ்சுகத்தம்மையார் இவ்வாறு எண்ணியபடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நடைப்பயிற்சி தரும் ரெஜினா கட்டுத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அம்மையாரை அருவருப்பு அறியாதவர் என்று ஊர் சொல்லும். காவிரிக்கரைச் சிவன் கோயிலில் இருபத்தாறு ஆண்டுகள் கோமுகம் துலக்கியவர். கருவறையில் ஈசன் ஆடிய பாலும் தயிரும் பஞ்சாமிர்தமும் வடசுவரிலுள்ள அந்தக் கல்வாய் வழியே வெளியே விழும். கீழே தொட்டியில் தேங்கிப் புளிக்கும். வெயில் ஏறினால் புழு நெளியும். ஐந்தெழுத்தை முணுமுணுத்தபடி அதை வெறுங்கையால் அள்ளுவார் அம்மையார். அவன் மேனி தொட்டு வந்தது அவருக்கு நாறியதில்லை. அங்கே கிடந்த தகரம் ஒருநாள் அவர் பாதத்தைக் கிழித்தது. சர்க்கரை நோய் மீதியைச் செய்தது. முட்டிக்கு மேலே காலை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

மறுபடி கோமுகத்தருகே நிற்கவேண்டும் என்பதொன்றே அவர் வேண்டுதல். அதற்குச் செயற்கைக் கால் வேண்டும். கால் பொருந்தவேண்டுமானால் எஞ்சிய தொடையை நாள்தோறும் கழுவி, நீவி, துணியால் இறுக்கிச் சுற்றி வீக்கத்தை வடியவைக்கவேண்டும். இரண்டு வாரமாகியும் அம்மையார் அதில் விரல் வைக்கவில்லை.

"நான் நீவுனா போதாதும்மா. நீங்க தொடணும்."

"கொமட்டுது பாப்பா."

"கோயில் சாக்கடைய அள்ளுனவங்கதானே நீங்க?"

"அது சாமி குளிச்ச தண்ணி."

"நான் வேதக்காரி, ஒங்க சாமியப் பத்தி எனக்குத் தெரியாது. ஆனா இந்தத் தொடை ஒங்கள விட்டா யாருகிட்டம்மா போவும்?"

ரெஜினா போனபின் அம்மையார் நெடுநேரம் தம்மையே துருவிப் பார்த்தார். ஈசன் பெயர் ஒட்டிய அழுக்கை மட்டுமே இத்தனை காலம் நேசித்திருந்தார். பெயர் ஒட்டாத தம் ஊனைக் கண்டு ஓடினார். அன்பென்று நினைத்ததில் இத்தனை தேர்வு இருந்ததா? தொடையைவிட அந்த எண்ணமே அதிகம் அருவருப்பூட்டியது. தையல் தழும்பின்மேல் உள்ளங்கையை வைத்தார். வாந்தி தொண்டைவரை வந்தது. கையை எடுக்கவில்லை.

கால் வந்தது. இரண்டு கம்பிகளுக்கிடையே அடிக்கு ஓர் எழுத்தாகச் சொல்லி நடந்தார்.

"குதிகால ஊனுங்க. தொடையப் பின்னாடி தள்ளுங்க, இல்லாட்டி முட்டி மடங்கிரும்."

இருமுறை விழுந்தார். தொடை நுழையும் கிண்ணத்துக்குள் வியர்வை புளித்து நாறியது. கழுவித் துடைத்து மறுபடி மாட்டினார்.

காலை எடுத்த ஏழாம் மாதம், ஒரு பிரதோஷத்தன்று, கோயில் வாசலுக்கு வந்தார். தர்மகர்த்தா மறித்தார்.

"செருப்போட உள்ள வரக்கூடாது அஞ்சுகம். அந்த ரப்பர் பாதமும் செருப்புதானே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மையார் குழாயடியில் இரண்டு பாதங்களையும் ஒன்றுபோலக் கழுவிக்கொண்டு உள்ளே நடந்தார்.

ஏழு மாதம் எவரும் தொடாத கோமுகம் அடைத்திருந்தது. அபிஷேகப் பால் வெளியேறாமல் கருவறையிலேயே தேங்க, பக்தர்கள் துண்டால் மூக்கைப் பொத்தியிருந்தனர். அம்மையார் செயற்கைக் காலை நீட்டித் தரையில் அமர்ந்து, கல்வாய்க்குள் முழங்கைவரை கைவிட்டார். அழுகிய நாரும் கொழகொழத்த தயிரும் புழுவுமாக வந்தன. அந்த இடத்தில் அவருக்குக் குமட்டியது அன்றுதான் முதன்முறை. குமட்டக் குமட்ட இழுத்தார்.

அடைப்பு விட்டது. பீறிட்ட பாலோடு வாடாத நந்தியாவட்டை ஒன்று அவர் உள்ளங்கையில் வந்து தங்கியது.

குருக்கள் உள்ளிருந்து ஓடிவந்தார். "இந்தப் பூவை சுவாமி சிரசுல இப்பத்தான் சாத்தினேன். நான் எடுக்கலை. தானா இறங்கி வந்திருக்கு."

வாசலில் சிரித்தவர்கள் தரையில் விழுந்து வணங்கினார்கள். தர்மகர்த்தா கைகூப்பி அருகே வந்தார்.

"இனிமே இந்த வேலையெல்லாம் ஒங்களுக்கு வேணாம்மா. முன்மண்டபத்துல நாற்காலி போடச் சொல்றேன். சேலையக் கொஞ்சம் ஏத்திவிட்டு, அந்தக் கால் தெரியறாப்புல ஒக்காருங்க. சனம் பாத்துக் கும்புட்டுப் போவட்டும்."

தர்மகர்த்தாவின் பார்வை தம் தொடைமேல் ஊர்வதை அம்மையார் உணர்ந்தார். சற்றுமுன் கையில் நெளிந்த புழு அவரை அவ்வளவு கூசவைக்கவில்லை. சேலையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வேணாங்க," என்றார் தணிந்த குரலில். "தொட்டியில இன்னும் பாதி கெடக்கு."

மறுபடி தொட்டிக்குள் கைவிட்ட அந்த அடியாரை ஈசன் அறிவான். நாம் வணங்கினால் போதும்.