மொக்கராசுவின் இடது கன்னம்

கொத்துப்பட்டிக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடியே செய்து முடிப்பார்கள். அந்த ஊருக்கு இருக்கும் ஒரே கெட்ட பெயர் அதுதான். கம்பம் பள்ளத்தாக்கில், மலையை ஒட்டி, திராட்சைப் பந்தலுக்குள் பாதி மறைந்து கிடக்கும் சின்ன ஊர்.

அந்த ஊர் மொக்கராசு, பக்கத்து ஊர் போதுமணிதான் தனக்குப் பெண்டாட்டியாக வரவேண்டும் என்று குலசாமிக்கு நேர்ந்துகொண்டு மூன்று மாதம் தாடி வளர்த்தான். சாமி கைவிடவில்லை. போதுமணியின் அப்பா சம்மதித்து, தை பத்தாம் தேதி முகூர்த்தம் என்று ஐப்பசியிலேயே வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார். மறுநாளே மொக்கராசு பந்தலடியில் முக்காலி போட்டு உட்கார்ந்தான். முடிவெட்டும் தவசி அவன் வலது கன்னத்தை மழமழவென்று வழித்துவிட்டு இடது பக்கம் சோப்பைக் கொண்டுபோனபோது ஒரு ஜீப் வந்து நின்றது.

இறங்கியவர் சென்னைக்காரர், பெயர் பரசுராம். நல்ல ஊர்களைத் தேடிப் பிடித்து ஜனங்களை அங்கே சுற்றுலா கூட்டிப்போவது அவர் தொழில். கன்னம் நிறையத் தாடி. மலையடிவாரத்து ஒயின் ஆலையைப் பார்த்துவிட்டு வழிதவறி வந்திருந்தார். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. பந்தலில் கொத்துக் கொத்தாகப் பன்னீர் திராட்சை. பாதையின் குறுக்கே ஓர் எருமை படுத்திருந்தது. அவர் அப்படியே சொக்கிப்போனார்.

“வெளிநாட்டுல ஒயின் ஊருங்க இப்படித்தான் இருக்கும். தை ஒன்பதாம் தேதி நாற்பது பேரைக் கூட்டிட்டு வர்றேன். இப்ப எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். ஒண்ணையும் மாத்திடாதீங்க,” என்று ஊர்த்தலைவர் அங்குச்சாமியின் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

தவசி மறுபடி கத்தியை எடுத்தார். அங்குச்சாமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒண்ணையும் மாத்தக்கூடாதுன்னு சொல்லீட்டுப் போறாரு. நீ பாட்டுக்கு வழிக்கிற?”

“மாமா, எனக்குக் கல்யாணம்,” என்றான் மொக்கராசு.

“தை பத்துலதான? அவரு ஒம்பதாந்தேதி வந்து பாத்துருவாரு. அன்னைக்கு ராவே வழிச்சுக்க.”

நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து தவசி தினமும் காலையில் வந்து வலது கன்னத்தை வழித்து, இடது தாடியை வளரவிடாமல் நூல் வைத்து அளந்து கத்தரித்துவிட்டுப் போனார்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. எருமையைக் காலையில் கூட்டிவந்து அதே இடத்தில் படுக்க வைத்தார்கள். அதன் தலை கிழக்கே இருந்ததா மேற்கே இருந்ததா என்று இரண்டு நாள் கூட்டம் போட்டுப் பேசி, வம்பு வேண்டாமென்று வேளைக்கு ஒரு திசையாகத் திருப்பினார்கள். தூறல் நிற்கக்கூடாது என்பதற்காக டீக்கடைச் சிவனாண்டி பந்தல்மேல் ஏறிப் பூவாளியால் தண்ணீர் ஊற்றினான்.

திராட்சை வாங்க வந்த ஒயின் ஆலைக்காரர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பழம் அழுகி விழ ஆரம்பித்ததும் பக்கத்து ஊரில் திராட்சை வாங்கி, கொத்துக் கொத்தாக நூலால் பந்தலில் கட்டினார்கள். அதற்கும் மொக்கராசுதான் ஏணி பிடித்தான்.

மார்கழியில் போதுமணியின் அப்பா மாப்பிள்ளையைப் பார்க்க வந்தார். வலப்பக்கமாக ஒருமுறை பார்த்தார், இடப்பக்கமாக ஒருமுறை பார்த்தார்.

“முகூர்த்தத்துக்கு முழு முகத்தோட வந்தா எம்மக உனக்கு. ஒரு இம்மி கொறஞ்சாலும் வந்த வழியே போயிர வேண்டியதுதான். நான் ஒரு சொல்லுக்காரன்,” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

மொக்கராசு அழுதான். வலது கன்னத்துக் கண்ணீர் தரையில் விழுந்தது. இடது கன்னத்துக் கண்ணீர் தாடியிலேயே தங்கிவிட்டது.

தை ஒன்பதாம் தேதி உச்சிவெயிலில் பேருந்து வந்து எருமைக்கு முன்னால் நின்றது. உள்ளே நாற்பது பேர் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். பந்தல் மேலேயிருந்து சிவனாண்டி பேருந்தின்மேல் தூறல் போட்டான். முதலில் பரசுராம் இறங்கினார். முகத்தில் ஒரு முடி இல்லை.

“நீங்க யாரு?” என்றார் அங்குச்சாமி.

“நான்தாங்க. ஐப்பசியில வந்தேனே.”

“அவருக்குத் தாடி இருந்துச்சே.”

“எடுத்துட்டேங்க.”

அங்குச்சாமிக்கு மனசு விட்டுப்போயிற்று. “வாயில்லா எருமை மூணு மாசமாச் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் படுத்துக் கெடக்கு. படிச்ச மனுசன், உங்களால ஒரு தாடியக் காப்பாத்த முடியலையா? போயி வளத்துட்டு வாங்க. அதுவரைக்கும் நாங்க இப்படியே இருக்கோம்.”

“ரெண்டு மாசம் ஆகுமேங்க.”

இரண்டு மாதம் என்றதும் மொக்கராசு முன்னால் வந்து நின்றான். விடிந்தால் கல்யாணம். பிறந்ததிலிருந்து வராத யோசனை அவனுக்கு அந்த நேரத்தில் வந்தது.

“மாமா, எங்கிட்டப் பாதித் தாடி இருக்கு. ஐயாவுக்கு ஒட்டிவிட்டா என்ன?”

அங்குச்சாமி அவன் தாடியைப் பிடித்துப் பார்த்தார். “தாடி ஊரை விட்டுப் போகுமா?”

“போகாது மாமா. ஆளுதான் மாறும்.”

பேருந்துக்குள்ளிருந்து நாற்பது பேரும் பரசுராமை முறைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தை நீட்டினார். தவசி மொக்கராசுவின் இடது கன்னத்தை வழித்து, ஒரு முடி சிந்தாமல் அள்ளி, வேப்பம்பிசின் தடவிப் பரசுராமின் இடது கன்னத்தில் ஒட்டினார். அங்குச்சாமி சுற்றிவந்து பார்த்துத் தலையாட்டினார்.

“பாதிதான் சரியா இருக்கு. அதனால இருபது பேரு எறங்கட்டும்.”

மறுநாள் காலை முகூர்த்தம். மொக்கராசு இரண்டு கன்னமும் பளபளக்க, பட்டுவேட்டி கட்டி மணமேடையில் உட்கார்ந்தான். போதுமணி அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவனுக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனால் அவனுக்கு இடப்பக்கம், தோளோடு தோள் ஒட்டி, பாதித் தாடியோடு பரசுராமும் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்திருக்கும்போதெல்லாம் அங்குச்சாமி தோளைப் பிடித்து அமுக்கினார்.

போதுமணியின் அப்பா மேடைக்கு வந்தார். “இது யாருய்யா?”

“மாப்பிள்ளையோட இடது கன்னம்,” என்றார் அங்குச்சாமி. “முழு முகத்தோட வரச் சொன்னீகள்ல. மிச்சம் இவருகிட்ட இருக்கு, ஒரு இம்மி கொறையாமக் கொண்டாந்துட்டோம்.”

போதுமணியின் அப்பா குனிந்து பரசுராமின் தாடியைத் தடவிப் பார்த்தார். பிறகு மொக்கராசுவின் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். முகம் தெளிந்தது.

“சரியாத்தான் இருக்கு,” என்று மேளக்காரர்களுக்குக் கையைக் காட்டினார். “தாலி கட்டுறப்ப அவரையும் கொஞ்சம் சேந்து குனியச் சொல்லுங்க.”