பேராசிரியருக்கு ஒரு வரவேற்புரை

ஆங்கிலத்தில் எழுதக் கற்றுக்கொடுப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது பேராசிரியர் அரிகரசுதனின் நினைப்பு. எந்த எழுத்தானாலும் இரண்டு வரி கேட்டால் போதும், விண்ணப்பமா, புகாரா, பாராட்டா என்று வகை சொல்லிவிடுவாராம். முதலாண்டு மாணவி ஜெசிந்தா எழுதிய இரங்கல் செய்தி வாழ்த்து மாதிரி இருக்கிறதென்று முட்டை போட்டுவிட்டார்.

“நானே வகை மாத்திச் சொல்ற மாதிரி ஒண்ணு காட்டு, பாஸ் போடுறேன்,” என்றார் வகுப்பில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

ஜெசிந்தா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஆங்கிலத்தில் நிதானமாக வாசித்தாள். கல்விக்கென்றே தன்னை உருக்கிக்கொண்ட மாமனிதர், இவரைப் போல் இன்னொருவர் இனிப் பிறந்துதான் வரவேண்டும் என்று போயிற்று அது.

“கண்ணீர் அஞ்சலி,” என்றார் அவர் உடனே. “ஆள் போய்ச் சேர்ந்து ரெண்டு நாள் இருக்கும். பாவம்.”

“நாளைக்கு நம்ம காலேஜ் விழாவுல உங்களை வரவேற்று வாசிக்கிறது சார். நீங்க தமிழ்ல எழுதிக் கொடுத்து இங்கிலீஷ்ல மாத்தச் சொன்னீங்களே, அதேதான். பேரை மட்டும் வாசிக்கலை.”

ஜெசிந்தாவுக்குப் பாஸ் விழுந்தது. மறுநாள் அவள் வாசித்த வரவேற்புரையில், பேராசிரியர் தன் கையாலேயே சேர்த்த ஒரு வரி புதிதாக இருந்தது: “பேராசிரியர் நல்ல உடல்நலத்துடன் இருக்கிறார்.”