கற்பூரத்தை அணைத்த கார்

ரைஸ்மில் முதலாளி காளியண்ணன் வீட்டுக் காருக்கு இன்ஜின் ஆயில் ஊற்றி ஊற்றியே டிரைவர் மாதேசுக்குக் கை ஓய்ந்துவிட்டது. இன்ஜின் தேய்ந்துவிட்டது என்றால் கேட்கிற ஆளா அவர்?

"கீழே ஒரு சொட்டு ஒழுகல. நீதான் திருடற! இல்லைன்னா கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு!" என்று ஊரே பார்க்க வாசலில் தட்டில் கற்பூரம் ஏற்றி வைத்தார்.

மாதேசு பெருமூச்சு விட்டான். "பண்றேனுங்க. ஆனா ஆயிலைத் தொடறது நானும் வண்டியும்தானுங்களே? மொதல்ல அது பண்ணட்டும்."

எரிகிற தட்டைப் புகைக்குழாய்க்குப் பின்னால் நகர்த்திவிட்டு, வண்டியில் ஏறிக் கிளப்பி ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தான். குப்பென்று நீலப் புகை. கற்பூரம் அணைந்தது. தட்டெல்லாம் ஆயில் பொட்டு. பக்கத்தில் நின்ற முதலாளியின் வெள்ளை வேட்டியெல்லாம் ஆயில் பொட்டு.

"ஆயிலைக் குடிக்கலைன்னு அது பண்ணினது பொய்ச் சத்தியமுங்க," என்று அலுப்போடு இறங்கினான். "இனி என் முறை. ஏத்துங்க."

முதலாளி தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டார்.