நீர்நாய்க்குட்டி பதிக்காத தடம்

கல்லூரிகளுக்குப் பஞ்சமே இல்லாத ஒரு காட்டில், ஆற்றோரமாக ஒரு நீர்நாயும் அதன் குட்டியும் வசித்தன. குட்டி தண்ணீரில் இறங்கினால் மீனுக்கே மூச்சு வாங்கும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். சேர விரும்பும் கல்லூரியின் வாசல் களிமண்ணில் முதல் மழைக்கு முன்பே கால்தடம் பதித்துவிட வேண்டும். மழை விழுந்த பிறகு யார் தடமும் செல்லாது.

"அம்மா, நம் ஆற்றுக் கல்லூரியில் பதிக்கட்டுமா?" என்றது குட்டி.

"தவளை படிக்கிற இடத்தில் உனக்கென்ன வேலை? எதிர்வீட்டு மயிலின் பெண் மலையுச்சிக் கழுகுக் கல்லூரிக்குப் போகிறாள். நாளைக்கு அவள் அம்மா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?"

"எனக்குச் சிறகு இல்லையே அம்மா."

"ஆரம்பித்துவிட்டாயா? பேசாமல் நட."

கழுகுக் கல்லூரி, குரங்குக் கல்லூரி, வரையாட்டுக் கல்லூரி என்று வாசல் வாசலாக இழுத்துப்போய்த் தடம் பதிக்கவைத்தது தாய். திரும்பும் வழியில் ஆற்றுக் கல்லூரி வந்தது. குட்டி ஒரு காலைத் தூக்கியது.

"இங்கேயும் ஒன்று வைத்துவிடுகிறேனே?"

"வைத்தால் மயில் பார்க்கும். தவிர, கீழே ஒரு கால் வைத்தவன் மேலே ஏறியதாகச் சரித்திரமே கிடையாது."

தூக்கிய கால் அப்படியே திரும்பியது.

மழை வந்தது. கழுகு, "இறக்கை எங்கே?" என்றது. குரங்கு கேட்கவே இல்லை, சிரித்தது. வரையாடு ஏறச் சொன்ன பாறையில் குட்டி வழுக்கி விழுந்தது.

தாய் ஆற்றுக் கல்லூரிக்கு ஓடியது. வாசலில் ஆமை இருந்தது.

"இவன் நீந்துவதைப் பார்த்திருக்கிறேன் அம்மா. வருவான் என்றுதான் காத்திருந்தேன். தடம் இல்லையே. எல்லா இடமும் நிரம்பிவிட்டது. அடுத்த மழைக்கு முன் அழைத்து வாருங்கள்."

அன்றிலிருந்து குட்டி ஆற்றில் இறங்கவில்லை. தாய் பிடித்துப் போட்ட மீனைக் கரையில் உட்கார்ந்து, தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தின்றது.

அடுத்த கோடையில் கல்லூரி வாசல்களில் மறுபடி களிமண் குழைத்தார்கள். மயில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாய் கெஞ்சியது. "வாடா கண்ணா. ஆற்றுக் கல்லூரிதான். நீ கேட்டதுதான்."

"வேண்டாம் அம்மா," என்றது குட்டி. "எனக்கு நீந்தவும் வராது."

நீதி: ஊர் மெச்ச வாசல் தேடினால், பிள்ளைக்குத் தெரிந்ததும் மறந்துபோகும்.