ஒரே துண்டு, இரண்டு வரிசை

பூவரசம்பட்டி என்று ஓர் ஊர் இருந்ததாம். அந்த ஊரில் மாசிலாமணி என்று ஒருவன் இருந்தானாம். அவன் தோளில் ஒரு சிவப்புத் துண்டு இருந்ததாம். நாலு பேர் எங்கே கூடினாலும் அந்தத் துண்டு முதலில் போய் விழும். என்ன ஏது என்று அவன் பிறகுதான் கேட்பான்.

படித்துறையில் நல்ல படியா? துண்டு. கோயில் பந்தியில் முதல் இலையா? துண்டு. கூத்துப் பந்தலில் முன்வரிசையா? அங்கேயும் துண்டு. ஒருநாள் வெகுநேரமாக அவன் வராததால், குயவர் வீட்டு வெள்ளையம்மா துண்டை ஓரமாய் நகர்த்திவிட்டுக் கைக்குழந்தையோடு உட்கார்ந்தாள். வந்தான் மாசிலாமணி.

"எந்திரிம்மா! துண்டு எங்க கிடக்குதோ, அதுதான் ஆளோட இடம்."

அவள் எழுந்துபோய்த் தூணுக்குப் பின்னால் நின்று, கூத்தைக் காதால் பார்த்தாள்.

பிறகு என்ன ஆயிற்று? அரசருக்குப் பேரன் பிறந்தான். அரண்மனையில் ஊருக்கே விருந்து. முதல் இலையில் உண்டு எழுபவருக்குக் கறவைப் பசுவும் கன்றும் என்று முரசறைந்தார்கள். மாசிலாமணி வீட்டிலோ மூன்று குழந்தைகள், மோருக்குக்கூட வழியில்லை.

"ஏங்க, இந்த ஒரு தடவையாவது போட்ட இடத்திலேயே இருங்க. பிள்ளைங்களைக் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வர்றேன்," என்றாள் மனைவி செங்கமலம்.

விடிந்ததும் போனான், முதல் இலைக்கு நேரே துண்டை விரித்தான், உட்கார்ந்தான். அப்போது கொல்லைப் பக்கம் ஒரு வரிசை தெரிந்தது. பத்துப் பேர் இருபதானார்கள், இருபது பேர் நாற்பதானார்கள். எல்லார் கையிலும் கொட்டாங்குச்சி.

'அங்கே என்ன கொடுக்கிறார்களோ? நமக்கு இல்லாமல் போய்விட்டால்?'

இருப்பதோ ஒரே துண்டு. அதை உருவினான், ஓடினான், வரிசையின் தலையில் வீசினான்.

அரண்மனை வைத்தியர் அகப்பையோடு நின்றார். "வாப்பா! முதல் ஆளுக்கு முழு அகப்பை."

"பாயசமுங்களா?"

"விளக்கெண்ணெய். வயித்துக் கோளாறுக்கு."

"எனக்கு ஒரு கோளாறும் இல்லீங்களே!"

வரிசையே சேர்ந்து கத்தியது: "துண்டு எங்க கிடக்குதோ, அதுதான் ஆளோட இடம்! குடிய்யா!"

வாயில் சோற்றை வைத்துக்கொண்டு ஏன் பிள்ளைகளா சிரிக்கிறீர்கள்? அவன் குடித்தான். குடித்துவிட்டுத் துண்டோடு திரும்பி ஓடிவந்தால், முதல் இலையில் வெள்ளையம்மா.

"எந்திரிம்மா, அது என் இடம்!"

அவள் இலைக்கு இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், இலையைத் தூக்கி அடியிலும் பார்த்தாள்.

"துண்டு எங்கண்ணே?"

பதில் சொல்ல வாயைத் திறந்தான்; வயிறு முந்திக்கொண்டது. ஓடினான். வந்தான், ஓடினான். மறுபடி வந்தான், மறுபடியும் ஓடினான். அதற்குள் வெள்ளையம்மா ரசம் முடித்து, மோர் முடித்து, கையும் கழுவிவிட்டாள். பிள்ளைகளோடு வந்து சேர்ந்த செங்கமலம், பசு வேறு வீட்டுக்கு நடப்பதைத்தான் பார்த்தாள்.

வெள்ளையம்மா நல்லவள். கேட்டவர்க்கெல்லாம் மோர் ஊற்றினாள். செங்கமலம் அந்தச் சிவப்புத் துண்டைச் சும்மாடாகச் சுற்றிப் புருஷன் தலையில் வைத்தாள், அதன்மேல் பானையை வைத்தாள். "போங்க. கடைசி ஆளா நின்னு வாங்கிட்டு வாங்க."

அவன் மோர் வாங்கப் போயிருக்கிறான், கதை இங்கே நின்றுவிட்டது. அடுத்தவர் கையில் இருப்பது பெரிய சோற்றுருண்டையா என்று எட்டிப் பார்க்காமல், அவரவர் உருண்டையை விழுங்குங்கள்.