ஒரு மூச்சுக்குப் பதினொன்று

கடலுக்குள் முங்கிக்கொண்டு ஜெபம் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? சந்தியம்மாள் சொல்லுவாள். மனசுக்குள்தான். ஒரு மூச்சுக்குப் பதினொரு தடவை, மாதாவுக்குச் சொல்லும் மங்கள வார்த்தை ஜெபம்.

அவள் புருஷன் போன வருஷம் இதே கடலில் போனவன். உடல் கரை ஒதுங்கவில்லை. இனி அவளும் இரண்டு பெண்பிள்ளைகளும் பிழைக்க வேண்டுமானால் கடல்பாசி பறித்து விற்றாக வேண்டும்.

முங்கக் கற்றுக்கொடுத்தவள் ரோஸ்லின். சந்தியம்மாளைவிடப் பதினைந்து வயது சின்னவள், கைப்பிள்ளைக்காரி.

காலில் ரப்பர் செருப்பு, விரல்களில் துணிச் சுற்று, முகத்தில் கண்ணாடி, இடுப்பில் பை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. முங்கினாள், எழுந்தாள். பை காலி. ஐந்தாவது நாளும் காலி.

"பாறை முழுக்கப் பாசி கிடக்கு. பறிக்காம உள்ள என்னக்கா செய்யிறே?"

"ஜெபம் சொல்றேன்."

"எத்தனை?"

"பதினொண்ணு."

"என்னால மூணு தாண்ட முடியாது. அந்த வேகத்துல சொன்னா மாதாவுக்கே மூச்சு வாங்கும்."

சந்தியம்மாள் சிரிக்கவில்லை. அவர்களை ஏற்றிவந்த வள்ளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"பாசி தலைமுடி மாதிரி ஆடுது, ரோஸ்லின். கை வச்சா எங்க வீட்டுக்காரரு தலை தட்டுப்படுமோன்னு இருக்கு."

ரோஸ்லின் நீந்தி அவள் பக்கத்தில் வந்தாள்.

"கடலைப் பாரு, ஆண்டவரு தெரிவாருன்னு சாமியார் பிரசங்கத்துல சொல்றாரு. சாமியார் கரையில நின்னு பார்க்கிறாரு. நீ தினம் உள்ள போறவ. நீ சொல்லு. ஆண்டவரு அங்க இருக்காரா?"

ரோஸ்லின் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வா. இந்தத் தடவை ஒண்ணும் சொல்லாதே."

"சொல்லாம எப்படி இருக்கிறது?"

"பயந்துக்கிட்டே இரு."

முங்கினார்கள். ரோஸ்லின் அவள் கையைக் கொண்டுபோய்ப் பாசிமேல் வைத்து அழுத்தினாள். சந்தியம்மாளின் உடம்பு ஒருமுறை துள்ளியது. ரோஸ்லின் விடவில்லை. விரல்களுக்கு நடுவில் பாசி அந்தப் பக்கம் சாய்ந்தது, இந்தப் பக்கம் சாய்ந்தது.

அப்போது கேட்டது. சடசடவென்று, சட்டியில் சோளம் பொரிகிற மாதிரி. காதுக்குப் பக்கத்திலும் கேட்டது. கண்ணுக்கு எட்டாத இருட்டுக்குள்ளும் அதேதான்.

மேலே வந்ததும் சந்தியம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"அது என்ன சத்தம்?"

"கடலுக்குள்ள எப்பவும் இருக்கிறதுதான்."

"அஞ்சு நாளா நான் கேட்கலையே."

"நீ பேசிக்கிட்டிருந்தே."

சந்தியம்மாள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை இன்னும் இறுக மூடியிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே ஒரு பிடி பாசி. எப்போது பறித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அதைப் பையில் போட்டாள். கண்ணாடியைச் சரிசெய்தாள்.

"ரோஸ்லின், இன்னொரு தடவை கூட்டிட்டுப் போ. சீக்கிரம் மேல இழுத்துடாதே. அந்தச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கேட்கணும்."